முதலாம் மைல்கல்

நுஹ்மானுக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கட் ஒன்றுதான். தம்பி றினோஸ் படுத்தபடியே செய்துகொண்டிருந்ததும் விளையாட்டுத்தான் என்று மின்விளையாட்டு அபிவிருத்தி நிதியம் எழுத்தில் அறிவித்தபோது அவன் அதை நம்பினான். முத்திரை குத்திய கடிதத்தை நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணம் இருக்கவில்லை. அவன் பலாபத்வலயில் த்ரீவீல் ஓட்டுகிறவன்.

றினோஸுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகப் பலம் இழக்கும் வருத்தம். பள்ளிக்கூடக் காலத்தில் கால்கள் போயின. பிறகு தோள்கள். இப்போது இருபத்து மூன்று வயது. வலது கைப் பெருவிரல் மட்டும் சொன்னதைக் கேட்டது. டொக்டர் அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கடைசியாத்தான் போகும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த விரலுக்கென்று றினோஸ் ஒரு விளையாட்டை யோசித்தான். மாத்தளையிலிருந்து பல்லேபொலவுக்குப் போகும் பஸ். விளையாடுகிறவர் அதன் கொண்டக்டர். அவரிடம் மணி ஒன்றுதான் உண்டு. ஒருதரம் அடித்தால் பஸ் நிற்கும். இரண்டுதரம் அடித்தால் போகும். முந்தி அடித்தால், இருக்கையை விட்டு எழும்பிக்கொண்டிருக்கும் கிழவர் விழுந்துவிடுவார். பிந்தி அடித்தால், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பஸ் ஹோல்ட்டைத் தாண்டி இறங்கி வெயிலில் திரும்பி நடப்பாள். ஒருவரையும் விழுத்தாமல் எல்லோரையும் அவரவர் இடத்தில் இறக்கிவிட வேண்டும். வேறொன்றும் இல்லை.

யோசிப்பது றினோஸ். அதைக் கணினியில் எழுதுவது அவனோடு படித்த மோகனராஜ். மாத்தளை டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். கொழும்பில் ஒரு கம்பனி அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. நிதியத்தின் காசு கிடைத்தால் அவன் போகத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் போகத்தான் வேண்டும். வீட்டில் அவன் ஒருவன்தான் உழைக்கிறவன்.

"பஸ் பல்லேபொல போய்ச் சேந்துட்டா கேம் முடிஞ்சிரும்டா," என்றான் மோகனராஜ்.

"அதுக்கு முந்தி என்ட விரல் முடியாட்டி சரி."

"வாய மூடுங்க தம்பி," என்றாள் நுஹ்மானின் மனைவி மஸீனா. "பொழுது படுற மஃரிபு நேரத்துல கதைக்கிற கதையா இது?"

"சரி மதினி. இஷாவுக்குப் பொறகு கதைக்கிறேன்."

நிதியத்தின் அலுவலகம் மாத்தளை டவுனில் ஒரு மாடியில் இருந்தது. கணினியில் விளையாடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியது என்று சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். நுஹ்மானும் மோகனராஜும் அந்த அறிவித்தலின் கீழ் உட்கார்ந்திருந்து, பிறகு தெரிவுக்குழுவின் முன்னால் போனார்கள். மோகனராஜ் மடிக்கணினியைத் திறந்து பஸ்ஸை ஓட்டிக் காட்டினான்.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எத்தன பேர சுடலாம்?"

"யாரையும் சுடுறதில்லைங்க சேர்."

"அப்ப எப்பிடி வெல்றது?"

"எல்லாரும் பத்திரமா இறங்கிட்டா வெற்றிங்க."

அங்கத்தவர் ஒருவர் கொண்டக்டருக்குச் சின்னதாக ஒரு துவக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். இன்னொருவர் பட்டன்களைப் பற்றிக் கவலைப்பட்டார்.

"ஒரே ஒரு பட்டன்தானா? வெளிநாட்டில பதினாறு வச்சிருக்கிறாங்க. எல்லாத்திலயும் நாங்க பின்னுக்குத்தான்."

நுஹ்மான் எழுந்து நின்றான். "தம்பிக்கு ஒரு விரல்தான் சேர் வேல செய்யும். அவன மாதிரி இன்னும் ஆக்கள் இருக்கிறாங்க. அவங்களுக்கும்தான் இது."

தவிசாளரின் முகம் மலர்ந்தது. அவர் பக்கத்தில் இருந்த உதவிப் பணிப்பாளர் ஜிப்ரியிடம் திரும்பி, "இத எழுதிக்கொள்ளுங்க. ஃபோட்டோவுக்கு நல்லா வரும்," என்றார்.

அப்படித்தான் விண்ணப்பம் தேறியது.

அங்கீகாரக் கடிதம் தபாலில் வரவில்லை. அதற்கு ஒரு விழா வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், வெற்றிலை கொடுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடினார்கள். தவிசாளர் பேசினார்.

"இந்த நாட்டில கம்பியூட்டர் விளையாட்டு செய்றவங்களுக்குக் காசு குடுக்க ஒரு நிறுவனம் இல்ல எண்டு குறை சொன்னாங்க. அந்தக் குறைய நாங்க தீத்துட்டோம். இப்ப நிறுவனம் இருக்கு. கட்டடம் இருக்கு, வாகனம் இருக்கு, ஆளணி இருக்கு. காசு குடுக்கிறது அடுத்த விசயம். அதுக்கும் ஒரு காலம் வரும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நுஹ்மானும் தட்டினான். ஆளுயரத்துக்கு மட்டையில் செய்த காசோலை ஒன்றை அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அது த்ரீவீலுக்குள் போகவில்லை. மோகனராஜ் அதை வெளியே பிடித்துக்கொண்டு வந்தான். வழியில் இரண்டு பேர் அதைப் பெயர்ப்பலகை என்று நினைத்து, கடை திறக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

கடிதத்தில் ஒரு வரி முக்கியமானது. முதலாம் மைல்கல்லில் முதலாவது கொடுப்பனவு வழங்கப்படும்.

நுஹ்மான் அதை வாசித்துவிட்டு ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டு அவனுடைய தொழில். மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் போகும் வீதியின் கற்கள் கண்டியிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதைச் சாரதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டான். அக்குறணைச் சந்தடியைக் கடந்து, கண்டிக்குக் கிட்ட முதலாவது கல்லைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் த்ரீவீலை நிறுத்தினான். கழுவிய சட்டை போட்டிருந்தான். அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தான். மத்தியானம் லுஹர் வரைக்கும் நின்றான். ஆட்கள் ஹயருக்குக் கூப்பிட்டார்கள். "இல்ல, எனக்கு இங்க ஒரு வேல இருக்கு," என்றான்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது றினோஸ் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத்திணறலாகி, மஸீனா ஓடிவந்து அவனைச் சரித்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் மறுபடியும் சிரித்தான்.

"நானா, மைல்கல் எண்டா ரோட்டுக் கல் இல்ல. வேலையில ஒரு பங்கு முடிஞ்சா அதுதான் மைல்கல். எங்கட பஸ் மாத்தளை டவுனத் தாண்டினா அது முதலாவது. கேம் செய்றவங்களுக்குக் காசு குடுக்கிறது எல்லா நாட்டிலயும் அப்பிடித்தான். பங்கு பங்காக் குடுப்பாங்க."

"பஸ் தாண்டிட்டா?"

"தாண்டி ரெண்டு மாசம்."

நுஹ்மான் வெட்கத்தோடு நிதியத்துக்குப் போனான். உதவிப் பணிப்பாளர் ஜிப்ரி அவனைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். நல்ல மனிதர். பேசும்போது மேசையில் இருந்த பேனாக்களை நேராக அடுக்குவார்.

"நீங்க திங்கட்கிழமையா போனீங்க? நாங்க செவ்வாய்க்கிழம போனோம். அந்தக் கல்லுக்குத்தான். ஆளக் காணல்ல எண்டு குறிப்பு எழுதிட்டு வந்தோம்."

நுஹ்மானுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. தான் மட்டும் முட்டாள் இல்லை. பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

"சேர், தம்பி சொல்றான், மைல்கல் எண்டா வேலையில ஒரு பங்காம். பஸ் டவுனத் தாண்டினா சரியாம்."

"அது தம்பிட விளக்கம். சுற்றறிக்கையில விளக்கம் இல்ல. விளக்கம் இல்லாத சொல்லுக்கு அகராதிதான்." ஜிப்ரி ஒரு பேனாவை நேராக்கினார். "எங்களுக்கு இப்ப ரெண்டு சிக்கல். அந்த முதலாவது கல் கண்டி மாவட்டம். எங்களுக்கு அங்க அதிகாரம் இல்ல. மத்தது, அது மைல்கல்லும் இல்ல. கிலோமீட்டர் கல்."

மொழிபெயர்ப்பாளர் ராசையாவைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்த மனிதர். அகராதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"மைல் தூரத்தக் காட்ட வீதியோரத்துல நடுற கல்லு. அப்பிடித்தாங்க போட்டிருக்கு. இங்கிலீஸ்ல இருந்ததத்தான் தமிழ்ல எழுதியிருக்கேன். ஒரு எழுத்து பிசகல."

அது உண்மை. ஒரு எழுத்தும் பிசகவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் ஒரு பிழையும் செய்திருக்கவில்லை.

குழு கூடியது. நாட்டில் மைல்கற்களே வழக்கொழிந்து போனதால் விளையாட்டுத் துறை முன்னேறாமல் கிடக்கிறது என்று தவிசாளர் வருத்தம் தெரிவித்தார். நிதியம் தானே ஒரு மைல்கல்லை நடுவது என்று தீர்மானமாயிற்று. அலுவலக வாசற்படியிலிருந்து சரியாக ஒரு மைல் அளந்தார்கள். அந்த இடம் பலாபத்வலப் பக்கம் போகிற வழியில் ஒரு வடிகானுக்குள் விழுந்தது. கல்லைக் கொஞ்சம் தள்ளி நடலாமே என்று நுஹ்மான் கேட்டான். தள்ளினால் அது மைல் ஆகாது என்றார்கள். ஆகவே கானை மூட வேண்டும். கானை மூட வீதிப் பகுதியின் அனுமதி வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று வீதிப் பகுதி கேட்டது. அதை ஆராய ஒரு உபகுழு அமைத்தார்கள். மழை பெய்கிறதா என்று பார்ப்பதற்காக உபகுழு மழைக்காலம் வரைக்கும் காத்திருந்தது.

மோகனராஜ் காத்திருக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தான். பஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. திரையில் மிளகுக் கொடி படர்ந்த வேலிகள் வந்தன, தேங்காய் ஏற்றிய லொறி வந்தது, பலாபத்வலக் கடைகள் வந்தன. றினோஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்: அந்த வளைவில் டிரைவர் கியர் மாற்றும் சத்தம் கேட்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகப் பையை இருக்கையில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். எழுந்து போக முடியாத ஒருவன் ரோட்டில் இவ்வளவையும் எப்படிப் பார்த்து வைத்தான் என்று நுஹ்மான் நினைப்பான். தினமும் அதே ரோட்டில் போகிறவன் அவன்.

பெருவிரல் பலம் குறைந்துகொண்டு வந்தது. மோகனராஜ் மாதத்துக்கு ஒருமுறை பட்டனை இளக்கினான்.

"இப்ப லேசாத் தொட்டாலே மணி அடிக்கும்டா."

"அப்ப ஈ குந்தினாலும் பஸ் நிக்குமே."

"ஈயும் இறங்கணும்ல."

மஸீனா அடுப்படியிலிருந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் மோகனராஜ் நேரத்தோடு வந்தான். வெகு நேரம் மடிக்கணினியைத் திறக்கவில்லை.

"கம்பனிக்காரங்க இனி காத்திருக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

றினோஸ் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்ப போற?"

"ஞாயித்துக்கிழம. ரோட்ட பலாபத்வல தாண்டிக் கொஞ்ச தூரத்துக்குப் போட்டிருக்கேன். அங்கிட்டு இன்னும் போடல. கொழும்புல இருந்து லீவு நாளுல செய்றேன்டா."

"செய்வாய்."

"சத்தியமா செய்றேன்."

"செய்வாய்டா. போய்ட்டு வா."

நுஹ்மான் அவனை பஸ் ஹோல்ட் வரைக்கும் த்ரீவீலில் கொண்டுபோய் விட்டான். மோகனராஜ் காசு நீட்டினான். நுஹ்மான் அவன் கையைத் தட்டிவிட்டான். "நானா, எனக்கு வேற வழி தெரியல," என்றான் மோகனராஜ். நுஹ்மானுக்கும் தெரியவில்லை. அவன் தலையாட்டினான்.

அடுத்த மாதம் கல் நட்டார்கள்.

திரைநீக்க விழாவுக்கு றினோஸ் கட்டாயம் வர வேண்டும் என்று ஜிப்ரி வீட்டுக்கே வந்து சொன்னார். "அவர்தானே பயனாளி. பயனாளி இல்லாம எப்பிடி? பிரதம அதிதியும் அவரும் சேந்துதான் திரைய நீக்குறாங்க. கயிறு இழுக்க வேணாம். ஒரு பட்டன் வச்சிருக்கோம். ஒரே ஒரு பட்டன்." தாங்கள் கண்டுபிடித்த அந்தப் பொருத்தம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"சேர், அந்த முதலாவது காசு?" என்று நுஹ்மான் கேட்டான். "காசு வந்தா மோகனராஜ லீவு போட்டு வரச் சொல்லுவேன். கொஞ்ச நாள் வேலதான் பாக்கி."

ஜிப்ரி மேசையைத் தேடுகிறவர் போலக் கையை அசைத்தார். அங்கே பேனாக்கள் இல்லை.

"கல்லுக்குத் தனியா ஒதுக்கீடு இருக்கல்ல. முதலாம் மைல்கல் எண்டு ஒரு செலவுத் தலைப்பு இருந்துச்சு. அதிலதான் எடுத்தோம்."

"அது தம்பிட காசு சேர்."

"தலைப்பில தம்பிட பேர் இல்ல. மைல்கல் எண்டுதான் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன் நுஹ்மான். அல்லாஹ்வுக்குத் தெரியும், கூட்டத்தில நான் சொன்னேன். கணக்காய்வாளர் என்ன சொன்னாரு தெரியுமா? இவ்வளவு பொருத்தமான செலவு இதுக்கு முந்தி வந்ததே இல்லையாம்."

நுஹ்மான் தம்பியை வாரியெடுத்து த்ரீவீலின் பின் இருக்கையில் வைத்தான். மஸீனா பக்கத்தில் இருந்து அவனுடைய தலையைத் தாங்கினாள். கல் பெரிதாக இருந்தது. மஞ்சள் சீலையால் மூடியிருந்தார்கள். கானை மூடியதால் போக வழியில்லாமல் தண்ணீர் ரோட்டில் நின்றது. விருந்தாளிகள் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பிரதம அதிதி பேசினார்.

"நான் வாழ்க்கையில ஒரு விளையாட்டும் விளையாடினதில்ல. அதனாலதான் ஒரு பக்கமும் சாயாம இந்தத் துறைய என்னால பாக்க முடியுது. சிலர் கேக்கிறாங்க, விளையாட்டு எங்க எண்டு. நான் கேக்கிறேன், விளையாட்டு இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும். கல்லு போகுமா?"

கைதட்டல் அடங்கியதும் அவர் றினோஸிடம் வந்தார். ஒரு பையன் பலகையில் பூட்டிய பட்டனைக் கொண்டுவந்து றினோஸின் கைக்குக் கீழே பிடித்தான். வீட்டு வாசல்களில் இருக்கும் மணிப்பட்டன். படம் பிடிப்பவர்கள் குனிந்தார்கள்.

றினோஸ் பட்டனைப் பார்த்தான். பெருவிரல் அதன்மேல் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவனுடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரல் அசையவில்லை.

"வெக்கப்படுறார்," என்றார் பிரதம அதிதி. றினோஸின் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினார். மஞ்சள் சீலை விழுந்தது. படங்கள் எடுத்தார்கள்.

கல்லில் முதலாம் மைல்கல் என்று பெரிதாக வெட்டியிருந்தது. அதன் கீழே நிதியத்தின் பெயர், பிரதம அதிதியின் பெயர், தவிசாளரின் பெயர், தெரிவுக்குழு அங்கத்தவர்களின் பெயர்கள். ராசையாவின் பெயரும் இருந்தது. நுஹ்மான் மேலிருந்து கீழாக ஒருதரமும், கீழிருந்து மேலாக ஒருதரமும் வாசித்தான்.

ஜிப்ரி அவன் பக்கத்தில் வந்து நின்றார். "இதில இடம் போதல்ல," என்றார். "அடுத்த கல்லில போடுவோம், இன்ஷா அல்லாஹ்."

திரும்பி வரும் வழியில் றினோஸ் சொன்னான்:

"நானா, அந்தப் பட்டனுக்கு வயரே இல்ல. பொறகால ஒருத்தன் நூல் பிடிச்சி இழுத்தான். பாத்தீங்களா?"

"பாக்கல்ல."

"நல்லா அமுக்கியிருந்தாலும் ஒண்டுதான்." சிரிக்கப் பார்த்தான். மஸீனா அவன் நெற்றியைத் துடைத்தாள்.

நிதியத்தின் ஆண்டறிக்கை, செயற்றிட்டம் முதலாம் மைல்கல்லை வெற்றிகரமாக அடைந்துவிட்டது என்று சொன்னது. எஞ்சிய வேலையை விரைவில் முடித்துத் தருமாறு பயனாளியைக் கேட்டுக்கொண்டது. கொழும்பிலிருந்து மோகனராஜ் வெள்ளிக்கிழமைகளில் கதைத்தான். லீவு நாளிலும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றான். பிறகு வெள்ளிக்கிழமைகளிலும் வேலை வந்தது.

விரல் திரும்பவில்லை. பட்டனை அதற்கு மேல் இளக்க முடியாது. நுஹ்மான் சில நாள் அந்த மடிக்கணினியை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தான். ஒரு பின்னேரம் மழைக்கு ஹயர் இல்லை. றினோஸ் கூப்பிட்டான்.

"நானா, நீங்க அடிங்க. எப்ப எண்டு நான் சொல்றேன்."

நுஹ்மான் கட்டிலில் ஏறி, தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மடிக்கணினியை மடியில் வைத்தான். பஸ் மாத்தளையில் இருந்து புறப்பட்டது. அவனுடைய விரல் தடிப்பானது. பல வருடங்கள் ஹாண்டிலைப் பிடித்துக் காய்த்துப் போனது.

"இப்ப," என்றான் றினோஸ்.

நுஹ்மான் அமுக்கினான். பிந்திவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி தூரத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

"நீங்க த்ரீவீல்காரர் நானா. ஏறின ஆள் சொல்ற இடத்தில நிப்பாட்டிப் பழகிட்டீங்க. இது அப்பிடி இல்ல. அவங்க சொல்லமாட்டாங்க. பாத்துத்தான் அடிக்கணும்."

மறுநாளும் ஆடினார்கள். கிழவர் இரண்டுதரம் விழுந்தார். நுஹ்மான் ஒவ்வொரு தரமும் "ஸ்ஸ்" என்று தன் முழங்காலைத் தொட்டுக்கொண்டான். வாரம் போகப்போக றினோஸ் "இப்ப" என்று சொல்வதும் மெல்லியதாகிக்கொண்டு வந்தது. அதைக் கேட்க நுஹ்மான் மூச்சை அடக்க வேண்டியிருந்தது. ஒருநாள் கிழவர் விழாமல் இறங்கினார். பிள்ளைத்தாய்ச்சி தன் வாசலிலேயே இறங்கினாள். புத்தகப் பையை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை இறங்கியது. அதன் பிறகு பலாபத்வலக் கடைகள் வந்தன. கடைகள் முடிந்து வேலிகள் வந்தன. வேலிகளும் முடிந்தன.

"இப்ப."

நுஹ்மான் ஒருதரம் அமுக்கினான். பஸ் நின்றது. முன்னால் ரோட்டு இல்லை. மோகனராஜ் விட்ட இடத்திலிருந்து திரை வெள்ளையாக இருந்தது.

"அவ்வளவுதான் தம்பி," என்றான் நுஹ்மான். "முடிஞ்சி. நல்லா செஞ்சிருக்கிறீங்க ரெண்டு பேரும். மூடவா?"

றினோஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குள் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒருவர் மடியில் வாழைக்குலையை வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு அடிங்க நானா."

"ரோட்டு இல்லையே."

"அவங்க பல்லேபொலவுக்கு டிக்கட் எடுத்தவங்க."

நுஹ்மான் இரண்டுதரம் அமுக்கினான்.